நுகர்வுச் செலவுத் தரவு: முதலில் அரசின் எண்ணை வரவழையுங்கள்

சமூகக் கொள்கை படிக்கும் மாணவர்கள் பலர் முதலில் கையில் எடுக்கும் பெரிய தரவு, குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு 2022-23. மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் நுண்தரவுத் தளத்தில் (குடும்பவாரியான மூலப் பதிவுகள் கிடைக்கும் இணையதளம்) பதிவு செய்தால் இலவசமாக இறக்கலாம். ஆய்வுக் கேள்வி எதுவாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். தலா மாதச் செலவு (ஓர் ஆளுக்கு ஒரு மாதச் சராசரி) கிராமத்தில் 3,773 ரூபாய், நகரத்தில் 6,459 ரூபாய் என்று அரசு வெளியிட்ட எண்களை உங்கள் கணினியிலேயே வரவழைக்க வேண்டும். அவை வராதவரை வேறு அட்டவணை எதையும் போடாதீர்கள்.

கோப்புகள் வெறும் எண்வரிசையாக இருக்கும். எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை என்ன தகவல் என்பதை, கூடவே வரும் எக்செல் அமைப்புத் தாள் சொல்லும். ஆர், ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருள்கள் இரண்டிலும் அதன்படி வெட்டிப் படிக்கலாம். அடையாள எண்களை எண்ணாகப் படிக்காமல் எழுத்தாகப் படியுங்கள். இல்லாவிட்டால் முன்னால் உள்ள பூஜ்யங்கள் உதிர்ந்து, கோப்புகளை இணைக்கும்போது குடும்பங்கள் காணாமல் போகும். முதல்நிலை மாதிரி எண் (முதலில் தேர்ந்தெடுத்த கிராமம் அல்லது நகரப் பகுதியின் எண்) மட்டும் போதாது. துணை எண்கள், அடுக்கு எண், குடும்ப எண் எல்லாவற்றையும் ஒட்டித்தான் அடையாளம் உருவாக்க வேண்டும். ஒட்டியபின் எண்ணிப் பாருங்கள்: கிராமம் 1,55,014, நகரம் 1,06,732, மொத்தம் 2,61,746 குடும்பங்கள். ஒன்று குறைந்தாலும் நிறுத்தித் தேடுங்கள்.

அடுத்து நினைவுக் காலம், அதாவது எத்தனை நாள் செலவைக் கேட்டார்கள் என்பது. காய்கறி, பழம், முட்டை, மீன், இறைச்சி, எண்ணெய், மசாலா ஆகியவற்றைக் கடந்த 7 நாளுக்குக் கேட்டிருப்பார்கள். துணி, செருப்பு, கல்வி, மருத்துவமனையில் சேர்ந்த செலவு, நீடித்த பொருட்கள் 365 நாளுக்கு. அரிசி, பருப்பு முதலியவை 30 நாளுக்கு. பொருள்வாரியாகக் கூட்டும்போது முதல் வகையை 30/7ஆலும் இரண்டாவதை 30/365ஆலும் பெருக்குங்கள். மறந்தால் காய்கறிச் செலவு கால்பங்குக்கும் கீழே விழும். துணிச் செலவு பன்னிரண்டு மடங்காக வீங்கும். உணவு, அன்றாடப் பொருள் மற்றும் சேவை, நீடித்த பொருள் என்ற மூன்று வினாத்தாள்களும் வெவ்வேறு மாதங்களில் வீட்டுக்கு வந்து நிரப்பப்பட்டவை. வருகைக்கு வருகை குடும்பத்தில் ஆள் எண்ணிக்கை மாறியிருக்கலாம். ஒவ்வொன்றையும் அந்தந்த வருகையின் எண்ணிக்கையால் வகுத்துவிட்டுக் கூட்டுங்கள்.

அதிகம் பேர் தடுக்குவது எடையில்தான், அதாவது மாதிரியில் உள்ள ஒரு குடும்பம் எத்தனை குடும்பங்களுக்குப் பிரதிநிதி என்று சொல்லும் எண்ணில். நகர மாதிரியில் கார் வைத்திருக்கும் குடும்பங்களை வேண்டுமென்றே கூடுதலாக எடுத்திருக்கிறார்கள். எடை போடாத சராசரி அதனால் ஏறிவிடும். குடும்ப எடை மட்டும் போட்டாலும் போதாது: ஏழைக் குடும்பங்கள் பெரும்பாலும் பெரியவை, ஆள் எண்ணிக்கையாலும் பெருக்காவிட்டால் அவர்கள் கணக்கில் சிறுத்துவிடுவார்கள். இந்த இடத்தில் ஒரு வரி தவறினால் ஏழைகளின் நிலையே தவறாகப் பதிவாகிறது. கோப்பில் உள்ள எடையை எதனால் வகுப்பது என்பதை அந்தச் சுற்றின் ரீட்மி (தரவுடன் வரும் விளக்கக் குறிப்பு) படித்து முடிவு செய்யுங்கள். இதே கணக்கெடுப்பின் 2011-12 சுற்றில் அது 100ஆ, 200ஆ என்பது துணைமாதிரியை (மொத்த மாதிரியைப் பிரித்த பகுதி) பொறுத்தது. பழைய நிரலை அப்படியே புதியதில் ஒட்டாதீர்கள்.

அரசு நலத்திட்டங்கள் மூலம் இலவசமாகப் பெற்ற பொருட்களின் மதிப்பு 3,773, 6,459 என்ற எண்களில் இல்லை. அதைச் சேர்த்தால் கிராமம் 3,860, நகரம் 6,521. ரேஷன் அரிசி இலவசமாகக் கிடைக்கும் தமிழ்நாட்டை ஆராய்பவர் எந்த அளவை எடுத்தார் என்பதை அட்டவணைத் தலைப்பிலேயே எழுத வேண்டும். இலவச அரிசியை விட்டுவிட்டு அந்தக் குடும்பத்தின் நுகர்வைப் பேசுவது நியாயமில்லை.

2011-12இல் ஒரே வருகை, 2022-23இல் மூன்று. கேட்ட பொருட்களின் பட்டியலும் மாறிவிட்டது. இரண்டு சுற்றுகளின் சராசரிகளையும் நேராகக் கழித்து ‘வளர்ச்சி’ என்று எழுத முடியாது. மாவட்ட அளவுக்கு இறங்குவதானால் திட்டப் பிழையையும் (மாதிரி மாறினால் சராசரி எவ்வளவு மாறக்கூடும் என்ற அளவு) கணக்கிட்டுச் சராசரிக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். பிழை அகலமாக இருந்தால் பக்கத்து மாவட்டங்களைச் சேர்த்து ஒரே மண்டலமாகக் காட்டுங்கள்.