கொலுவுக்கு ஒகாபி பொம்மை செய்றது எப்படி

போன நவராத்திரிக்கு எங்க வீட்டு கொலுவுல ஒரு ஒகாபி வச்சேன், வந்த மதினிமாருங்க எல்லாரும் வரிக்குதிரையான்னு தான் கேட்டாங்க. மனசு கஷ்டமா போச்சு. அது ஒட்டகச்சிவிங்கியோட சொந்தம்ங்க, இன்னைக்கு உயிரோட இருக்குறதுல அதுக்கு நெருங்குன சொந்தம்னா இது ஒண்ணுதான். அதனால இந்த தடவை பார்த்ததுமே தெரியுற மாதிரி செஞ்சேன், எப்படின்னு சொல்றேன்.

மண்ணுக்கு மதுரைகிட்ட இருக்குற விளாச்சேரி பக்கம் பொம்மை செய்ற வீடுகள்ல கேட்டுப் பாருங்க, இல்லைன்னா கம்மாய் களிமண்ணை கல்லு இல்லாம சலிச்சு, ஊற வச்ச பேப்பர் கூழும் கொஞ்சம் ஃபெவிகாலும் சேர்த்து சப்பாத்தி மாவு பதத்துக்கு பிசைங்க. (ஒகாபியே ஆத்தங்கரை களிமண்ணை திங்கும், இலைதழையில கிடைக்காத உப்புச் சத்துக்காக.)

கட்டுக்கம்பில நாலு கால், முதுகு, கழுத்து முறுக்கிட்டு மண்ணை அப்புங்க. நெஜத்துல தோள் உசரம் 5 அடி இருக்கும், நம்ம பொம்மைக்கு 6 இன்ச் போதும். முக்கியமா முதுகு முன்னாடி ஏறி பின்னாடி சரியணும், இதை விட்டா குதிரை ஆயிடும். கழுத்து குதிரையை விட கொஞ்சம் தடிமனா இருக்கட்டும், காது நல்லா பெருசா அகலமா. கொம்பு ஆணுக்கு மட்டும், குட்டையா தோல் மூடுன மாதிரி ரெண்டு முளை, பொண்ணு வைக்கிறீங்கன்னா கொம்பு வேணாம் ஆனா உருவம் கொஞ்சம் பெருசா இருக்கட்டும்.

நாக்கை மறக்காதீங்க! நெஜத்துல ஒரு அடிக்கு மேல நீளும், தன் கண்ணையும் காதையும் தானே நக்கிக்கும், அதனால நான் மெல்லிசா ஒரு திரி உருட்டி வாயிலிருந்து கண்ணு வரைக்கும் வளைச்சு ஒட்டி கருநீலம் அடிச்சேன், வந்த பிள்ளைங்க முதல்ல கை வச்சது அதுலதான்.

நம்மூரு வெயில்ல காய வச்சா வெடிச்சிடும், நிழல்ல ஈரத்துணி போட்டு மூணு நாலு நாள் விடுங்க, விரிசல் விட்டா மண்ணை கரைச்சு பூசிக்கலாம்.

பெயின்ட் முதல்ல உடம்பு முழுக்க டார்க் சாக்லேட் கலர், கன்னம் சாம்பல் வெள்ளை. நல்லா காஞ்சப்புறம் பின்பக்கத்துலயும் கால் மேல்பாகத்துலயும் மட்டும் வெள்ளை கோடு, படுக்கை வசத்துல, ஸ்கேல் வைக்காதீங்க, ஒண்ணுக்கு இருக்குற கோடு இன்னொண்ணுக்கு இருக்காது. கடைசியா ஒரு கோட் வார்னிஷ், ஏன்னா அதோட ரோமத்துல எண்ணெய்ப்பசை உண்டு, மழைத்தண்ணி வழிஞ்சு ஓடிடும்.

குட்டி வைக்கிறீங்கன்னா இலை மறைவுல படுக்க வைங்க. பிறந்து ஒரு மாசத்துக்கு மேல அது சாணியே போடாது, சிறுத்தைக்கு வாசனை போகக்கூடாதுல்ல.

பக்கத்துல ஒரு சின்ன அட்டை கட்டாயம் வைங்க, நான் எழுதுனது இது: "ஒகாபி. ஒட்டகச்சிவிங்கி குடும்பம். காங்கோ மழைக்காடு. விஞ்ஞானிங்க பேர் வச்சது 1901. காடு அழியுறதாலயும் வேட்டையாலயும் இப்ப அழிவு ஆபத்துல இருக்கு."