எழுதணும், ஆனா யாரும் நம்மள பாக்கக்கூடாது: இந்த எடத்துல பண்ணக்கூடாத தப்புகள்

எழுதுற ஆசை இருக்கும், எழுதினத நாலு பேர் படிக்கணும்ங்கிற ஆசையும் இருக்கும், ஆனா படிச்சவங்க திரும்பி நம்மளப் பாக்க ஆரம்பிச்சா மட்டும் உடம்பு கூசும். மேடைக்கு கூப்டா வயித்தக் கலக்கும், நம்ம போட்டோவ போட்டு யாராவது பாராட்டி எழுதினா அந்த போஸ்ட்ட திறக்கவே கை வராது. எழுதுறவங்கள்ல இப்படி ஏகப்பட்ட பேர் இருக்காங்க. இத நோயாவும் நினைக்க வேணாம், பெரிய தவமாவும் நினைக்க வேணாம், சுபாவம், அவ்ளோதான். சிக்கல் எங்க வருதுன்னா இந்தக் கூச்சத்த சமாளிக்கிறேன்னு கெளம்பி நாம பண்ற வேலைகள்ல.

எல்லாத்துக்கும் அடில கெடக்கிற தப்ப மொதல்ல சொல்லிடறேன். எழுதுறது, வெளியிடுறது, முகம் காட்டுறது, இது மூணும் தனித்தனி வேலை. நாம மூணையும் ஒரே மூட்டையா கட்டி வச்சிருக்கோம். "எனக்கு இப்பல்லாம் எழுதவே வரல"ன்னு சொல்றவங்கள கொஞ்சம் தோண்டிக் கேட்டுப் பாருங்க, நெறைய பேருக்கு எழுத வருது, வெளியிடத்தான் பயம். இன்னும் கொஞ்சம் தோண்டினா வெளியிடவும் பயமில்ல, அதுக்கப்புறம் வர்ற பேட்டி, லைவ், "சார் ரெண்டு வார்த்தை பேசுங்க", இதான் பயம். மூணாவது வேலைய நெனச்சு மொத வேலைய நிறுத்திடறாங்க. எது கூசுதுன்னு சரியா தெரிஞ்சாலே பாதி தலவலி போயிடும்.

அமெரிக்க நாவலாசிரியர் ஜே.டி. சாலிஞ்சர எடுத்துக்கோங்க. 1951ல வந்த "தி கேட்சர் இன் தி ரை" நாவல் அவர ஒரேயடியா தூக்கிவிட்டுச்சு, 1953ல நகரத்த விட்டுட்டு கார்னிஷ்ங்கிற சின்ன ஊருக்குப் போயிட்டார், 1965க்கு அப்புறம் எதையுமே வெளியிடல. ஆனா 2010ல சாகுற வரைக்கும் எழுதறத விடலன்னு அவர் மகனே சொல்லியிருக்கார். அதாவது ரெண்டாவது வேலையையும் மூணாவது வேலையையும் நிறுத்தினார், மொத வேலை ஓடிட்டே இருந்துச்சு. அதுவரைக்கும் சரி. ஆனா ஒளியறதையே ஒரு கோட்டை மாதிரி கட்டினதுல இன்னொண்ணு நடந்துச்சு, அவரத் தேடிப் போறதே பத்திரிகைக்காரங்களுக்கும் வாசகர்களுக்கும் ஒரு யாத்திரையாயிடுச்சு. 80கள்ல தன்னோட பழைய கடிதங்கள வச்சு வாழ்க்கை வரலாறு எழுதப் போன ஆள் மேல வழக்கு போட்டார், ஜெயிச்சார், ஆனா அந்த வழக்கே அவர மறுபடியும் தலைப்புச் செய்தியாக்கிடுச்சு. கதவ மெதுவா சாத்தினா யாருக்கும் தெரியாது, ஓங்கி அறைஞ்சா தெருவே திரும்பிப் பாக்கும்.

நம்ம அளவுல இதோட சின்ன ரூபம்தான் "நான் இனிமே சோஷியல் மீடியால இருக்க மாட்டேன், எனக்கு இந்தப் புகழ் வெளிச்சம் ஒத்துவரல"ன்னு நீளமா ஒரு போஸ்ட் போட்டுட்டு ரெண்டு நாளா அதுக்கு எத்தன பேர் "போகாதீங்க"ன்னு எழுதியிருக்காங்கன்னு எண்றது. போறதுன்னா போயிடுங்க. அறிக்கை விட்டாத்தான் போக முடியும்னா போக ஆசையில்லன்னு அர்த்தம். அதுல வெக்கப்பட எதுவும் இல்ல, ஆனா அத உங்ககிட்டயாவது ஒத்துக்கணும்.

அடுத்தது மோட்டிவேஷன் விவகாரம், இதுலதான் தப்புகள் ஜாஸ்தி. மூடு வரட்டும், உந்துதல் வரட்டும்னு உக்காந்திருக்கிறது எல்லாருக்கும் தெரிஞ்ச தப்பு, அதப் பத்தி ரொம்ப பேச வேண்டாம். இங்கிலாந்து நாவலாசிரியர் அந்தோனி ட்ரொலோப் தபால் துறைல வேலை பாத்துட்டே காலைல அஞ்சரைக்கு மேசைல உக்காந்து, கடிகாரத்த எதிர்ல வச்சு, கால் மணி நேரத்துக்கு 250 வார்த்தைன்னு எழுதினவர். இத அவரே சுயசரிதைல எழுதி வச்சிருந்தார், அது அவர் செத்தப்புறம் 1883ல வெளிவந்தப்போ "என்னய்யா இது, கணக்குப்பிள்ளை மாதிரி எழுதியிருக்காரே"ன்னு அவர் பேரே கொஞ்சம் எறங்கிப் போச்சு. நாம எழுத்தாளன்னா அருள் வந்து ஆடணும்னு எதிர்பாக்குறவங்க, கடிகாரத்த மன்னிக்கவே மாட்டோம். எழுத்தாளர் காஃப்கா ஒரே ராத்திரில, 1912 செப்டம்பர் 22ல இருந்து மறுநாள் காலை வரைக்கும், ஒரு கதைய முழுசா எழுதி முடிச்சாரேன்னு கேப்பீங்க. உண்மைதான், ஆனா அந்த மனுஷனும் பகல்ல இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல வேலை பாத்துட்டு ராத்திரி மேசைல உக்காந்து பழகினவர்தான். அந்த ராத்திரி வந்தப்போ அவர் மேசைல இருந்தார், அதான் விஷயம்.

இதவிட யோசிக்க வேண்டிய தப்பு, எழுத உக்கார்றதுக்கு முன்னாடி "இதனால எனக்கு என்ன கெடைக்கும்"னு நெனைக்கிறது. தெரசா அமாபிலேன்னு ஒரு உளவியல் ஆய்வாளர் 1985ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. எழுத்துல நெஜமாவே ஈடுபாடு இருக்கிற 72 பேர கூப்ட்டு, பனியப் பத்தி ஹைக்கூ மாதிரி ஒரு சின்ன கவிதை எழுத வச்சாங்க. அப்புறம் ஒரு குழுவுக்கு எழுத்துல கெடைக்கிற சந்தோஷம் சம்பந்தமான காரணங்கள், இன்னொரு குழுவுக்கு பணம், பேரு, மத்தவங்க பாராட்டுன்னு வெளிக் காரணங்கள், ரெண்டு குழுவும் அவங்கவங்க பட்டியல வரிசைப்படுத்தணும். மூணாவது குழுவுக்கு சம்பந்தமில்லாத ஒரு கதை படிக்கக் குடுத்தாங்க. அப்புறம் சிரிப்பப் பத்தி இன்னொரு கவிதை. யாரு எந்த குழுன்னு தெரியாத கவிஞர்கள் மார்க் போட்டாங்க. வெளிக் காரணங்கள வரிசைப்படுத்தினவங்களோட ரெண்டாவது கவிதை மத்தவங்களுத விட மட்டமா இருந்துச்சு. இதுக்கும் யாரும் அவங்களுக்கு பரிசு தரேன்னு சொல்லல, மெரட்டல, கொஞ்ச நேரம் அதப் பத்தி நெனைக்க வச்சாங்க, அவ்ளோதான்.

இன்னொண்ணையும் கவனிங்க, உள்ளுக்குள்ள இருக்கிற நல்ல காரணங்கள நெனச்ச குழு அதனால ஒசந்து போயிடல, சும்மா கதை படிச்சவங்க அளவுலதான் இருந்தாங்க. அதனால காலைல எழுந்து "நான் எதுக்காக எழுதறேன்"னு டைரில பக்கம் பக்கமா எழுதறதால பெரிசா ஏதும் வந்துடாது. போன கதைக்கு எத்தன லைக்னு பாத்துட்டு அடுத்த கதைக்கு உக்காராம இருந்தாலே போதும். எழுதி முடிச்சுட்டு சாயங்காலமா பாத்துக்கோங்க, யார் வேணாங்கிறா.

உடனே "அப்ப விருது, பணம் எல்லாமே விஷம்"னு ஒரு கூட்டம் கெளம்பும், அதுவும் தப்பு. 1973ல லெப்பர், கிரீன், நிஸ்பெட்னு மூணு உளவியல் ஆய்வாளர்கள் சின்னப் பசங்கள வச்சு பண்ணின ஆய்வு ஒண்ணு இருக்கு. படம் வரையறதுல ஏற்கனவே ஆசையா இருக்கிற பசங்க. வரைஞ்சா சான்றிதழ் தருவோம்னு முன்னாடியே சொல்லி வரைய வச்சவங்க, கொஞ்ச நாள் கழிச்சு தாமா அந்த ஸ்கெட்ச் பேனாவ எடுக்கிறது கொறஞ்சு போச்சு. எதுவுமே சொல்லாம, வரைஞ்சு முடிச்சப்புறம் திடீர்னு அதே சான்றிதழ குடுத்த பசங்களுக்கு அப்படி ஆகல. ஆக பரிசு ஒண்ணும் பண்ணாது, பரிச பாத்துட்டே வரையறதுதான் பண்ணுது. எழுத்துக்கு காசு வாங்கறது தப்புன்னு நெனச்சு ஓசில எழுதிக் குடுக்கிறவங்க தயவு செஞ்சு இத ரெண்டு தரம் படிங்க. கூச்சத்துனால சம்பளத்த விட்டுக் குடுக்கிற மாதிரி அபத்தம் வேற இல்ல.

கூச்சமுள்ள ஆளுங்களுக்கு இன்னொரு வியாதி, இல்லன்னு சொல்ல வராது. மைக்கப் பாத்தா நடுங்கும், ஆனா யாராவது போன் பண்ணி கூப்டா "சரிங்க"ன்னு வாய் தானா சொல்லிடும், அப்புறம் அந்த தேதி வர்ற வரைக்கும் ஒரு வரி ஓடாது. நாவலாசிரியர் டோரிஸ் லெஸ்ஸிங்குக்கு 2007ல நோபல் கெடச்சுது, அப்ப அவங்களுக்கு 87 வயசு, அடுத்த வருஷமே ஒரு பேட்டில அது ஒரு பெரிய விபத்து, பேட்டி குடுக்கிறதும் போட்டோவுக்கு நிக்கிறதுமாவே போகுது, எழுதத் தெம்பே இல்லன்னு வெளிப்படையா சொன்னாங்க. 1964ல பிரெஞ்சு எழுத்தாளர் சார்த்தர் அதே பரிச மொத்தமா வேண்டாம்னுட்டார், முன்கூட்டியே எனக்கு வேணாம்னு கடிதமும் போட்டிருந்தார், அது நேரத்துக்கு போய்ச் சேரல. பரிச வாங்கியிருந்தா கெடச்சிருக்கிறத விட மறுத்ததால அவர் பேரு ஜாஸ்தியா அடிபட்டுச்சு. எனக்குப் பிடிச்ச வழி நாடக எழுத்தாளர் சாமுவேல் பெக்கெட்டோடது. 1969ல அவருக்கு கெடச்சப்போ மறுக்கவும் இல்ல, விழாவுக்குப் போகவும் இல்ல, தன் பதிப்பாளர அனுப்பி வாங்கிக்கிட்டார். சத்தமே இல்ல. நமக்கு நோபல் வரப்போறதில்லங்கிறது வேற விஷயம், ஆனா ஒரு சின்ன விழா அழைப்புக்கும் இதே முறை செல்லும்: நன்றி, வர முடியாது, என் சார்பா இன்னார் வருவாங்க. காரணம் சொல்லவே தேவையில்ல. ஒடம்பு சரியில்லன்னு பொய் சொன்னா அடுத்த தடவையும் ஒடம்பு சரியில்லாம போக வேண்டியிருக்கும்.

புனைபெயர் வச்சா எல்லாம் தீந்துடும்னு நெனைக்கிறதும் அரைகுறைதான். தீரும், ஆனா ஆரம்பத்துலயே விதி போட்டிருந்தா. எலெனா ஃபெர்ரான்தேங்கிற புனைபெயர்ல எழுதற இத்தாலிய எழுத்தாளர் மொத நாவல் வர்றதுக்கு முன்னாடியே பதிப்பாளருக்கு எழுதிட்டாங்க, நான் எங்கயும் வந்து நிக்க மாட்டேன், புத்தகம் அது பாட்டுக்கு அதோட வேலைய பாத்துக்கட்டும்னு. 2016ல ஒரு பத்திரிகையாளர் பணப் பரிமாற்ற ஆவணங்கள எல்லாம் நோண்டி இன்னார்தான்னு எழுதினப்போ கூட அவங்க தன்னோட விதிய மாத்திக்கல, புத்தகம் வந்துட்டே இருக்கு. பிரெஞ்சு எழுத்தாளர் ரொமெய்ன் கேரி கதை இதுக்கு நேர் எதிர். ஒருத்தருக்கு ஒரு தடவதான் குடுக்கணும்ங்கிற பிரான்ஸோட கோன்கூர் இலக்கியப் பரிச 1956ல சொந்தப் பேர்ல வாங்கிட்டு, எமில் அஜார்ங்கிற பேர்ல 1975ல மறுபடியும் வாங்கிட்டார். அந்தப் பேருக்கு ஒரு முகம் வேணுமேன்னு சொந்தக்காரப் பையன் ஒருத்தர அஜாரா நடிக்க வச்சார், அப்புறம் அந்தப் பொய்ய காப்பாத்தறதே தனி உத்தியோகமாயிடுச்சு. கேரி 1980ல எறந்தப்புறம்தான் உண்மை வெளிய வந்துச்சு. பேர மறைக்கலாம், அதுக்கு மேல ஒரு ஆள உருவாக்கப் போனீங்கன்னா அந்த ஆளையும் நீங்கதான் கட்டி மேய்க்கணும். எழுதற நேரத்துல பாதி அதுக்கே போயிடும்.

ஒரு கதை நல்லா போயிட்டா அடுத்தது வேற பிரச்சனை. ஜனங்களுக்கு பிடிச்சது எதுன்னு இப்ப நமக்குத் தெரியும், கை தன்னால அதே எடத்துக்கு போகும், அதே மாதிரி ஒரு அப்பா, அதே மாதிரி ஒரு மழை, கடைசி வரில அதே மாதிரி ஒரு குத்து. புகழ் பிடிக்காதுன்னு சொல்றவங்களும் இதுல மாட்டுவாங்க, சொல்லப்போனா அவங்கதான் சீக்கிரம் மாட்டுவாங்க, ஏன்னா புதுசா எழுதி திட்டு வாங்கறத விட பழசையே எழுதி தப்பிச்சுக்கறது அவங்களுக்கு பாதுகாப்பு. இதுக்கு சுலபமான வைத்தியம் எனக்குத் தெரிஞ்சு இல்ல. அடுத்தத எழுதி முடிக்கிற வரைக்கும் முந்தினதுக்கு வந்த பாராட்டையும் திட்டையும் படிக்காம இருக்கிறது ஓரளவுக்கு உதவும், அதுவும் முழுசா இல்ல.

வாசகர புகழோட சேத்துக் கொழப்பிக்கிறது, இது கொஞ்சம் கோவமாவே சொல்ல வேண்டிய தப்பு. கூட்டம்னா பயம்ங்கிறதுக்காக தனியா ஒருத்தர் உக்காந்து பொறுமையா எழுதின மெயிலுக்கும் பதில் போடாம விடறது. கூட்டத்துக்கு முகம் கெடையாது, சரி, ஆனா அந்த மெயில எழுதினது ஒரு ஆள், உங்க கதைல மூணாவது பக்கத்துல வர்ற ஒரு வரிய பிடிச்சுக்கிட்டு எழுதியிருக்காங்க. ரெண்டு வரி போதும். நன்றி, நீங்க சொன்ன அந்த வரிய நானும் ரொம்ப யோசிச்சுதான் எழுதினேன், முடிஞ்சுது. இதுல மேடை இல்ல, போட்டோ இல்ல, கூச வேண்டிய எதுவுமே இல்ல.

கடைசியா யாருமே யோசிக்காத ஒண்ணு, வெளியிடாம சேத்து வச்சிருக்கிற கையெழுத்துப் பிரதிகள என்ன பண்றதுன்னு சொல்லாம விடறது. அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் கிட்டத்தட்ட 1800 கவிதை எழுதினாங்க, உயிரோட இருந்தப்ப அச்சுல வந்தது பத்தோ என்னமோதான். தன்கிட்ட இருந்த கடிதங்கள எரிக்கச் சொல்லியிருந்தாங்க, தங்கச்சி எரிச்சாங்க, கவிதைகளப் பத்தி எதுவும் சொல்லல, அதனால அது 1890ல இருந்து புத்தகமா வர ஆரம்பிச்சுது. காஃப்கா எல்லாத்தையும் எரிச்சிடுன்னு தன் நண்பர் மாக்ஸ் ப்ராட்கிட்ட எழுதி வச்சார், எரிக்க மாட்டேன்னு மூஞ்சிக்கு நேரா ஏற்கனவே சொல்லியிருந்த அதே ப்ராட்கிட்ட. ப்ராட் எரிக்கல, வெளியிட்டார். வாசகரா நமக்கு ரெண்டுமே லாபம்தான். ஆனா உங்களுக்கு நெஜமாவே வெளிவரக் கூடாதுன்னா, எது வரலாம் எது வேண்டாம்னு ஒரு தாள்ல தெளிவா எழுதி, சொன்னா சொன்னபடி செய்யற ஆள்கிட்ட குடுங்க. உங்க எழுத்து மேல ரொம்ப ஆசை வச்சிருக்கிற நண்பர்கிட்ட மட்டும் குடுத்துடாதீங்க.