சிங்கப்பூரில் வேலையிடத்தில் அடிபட்டால்: முதல் நாளிலிருந்து இழப்பீடு கைக்கு வரும் வரை

சிங்கப்பூரின் கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை செய்யும் ஊழியருக்கு அடிபட்டால், அவருக்குரிய இழப்பீட்டை வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் 2019 தீர்மானிக்கிறது. 2020 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள இச்சட்டத்தின்கீழ் முதலாளியின் தவறை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. உங்கள் கவனக்குறைவாலேயே ஏணியிலிருந்து விழுந்திருந்தாலும், வேலையின்போது, வேலையின் காரணமாக விழுந்தீர்கள் என்பது தெளிவானால் போதும். நிறுவனம் ஏற்பாடு செய்த லாரியில் தளத்துக்குப் போகும்போதோ திரும்பும்போதோ நேர்ந்த விபத்தும் இதில் அடங்கும். குடிபோதையில் பட்ட காயமும் வேண்டுமென்றே வரவழைத்துக்கொண்ட காயமும் அடங்கா. வீட்டுப் பணிப்பெண்களுக்கும் இச்சட்டம் பொருந்தாது.

முதல் வேலை, அன்றைக்கே மேற்பார்வையாளரிடம் சொல்வது. வாயால் சொன்னதோடு நிறுத்தாமல், எத்தனை மணிக்கு, எந்தத் தளத்தில், எந்த மாடியில், என்ன செய்துகொண்டிருந்தபோது அடிபட்டது என்று வாட்ஸ்அப்பில் எழுதி, முடிந்தால் இடத்தின் படத்தோடு அனுப்பிவிடுங்கள். தமிழில் எழுதினாலும் செல்லும். செய்தியில் பதிவாகும் தேதிக்கும் நேரத்துக்கும் மொழி தடையில்லை. பக்கத்தில் நின்று பார்த்தவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் அவர் வேறு தளத்துக்கு மாற்றப்பட்டிருக்கலாம், ஊருக்கே போயிருக்கவும் கூடும்.

இரண்டாவது, மருத்துவர். இந்தப் படியில்தான் நான் அதிகம் வற்புறுத்த விரும்புகிறேன். “எப்படி அடிபட்டது?” என்று மருத்துவர் கேட்கும்போது நீங்கள் சொல்லும் முதல் பதில் மருத்துவக் குறிப்பில் ஏறிவிடுகிறது, பிறகு முதலாளியின் காப்பீட்டு நிறுவனம் முதலில் புரட்டிப் பார்ப்பதும் அந்தக் குறிப்பைத்தான். வேலை போய்விடுமோ என்ற அச்சத்திலோ, கூட வந்தவர் சொல்லிக்கொடுத்தார் என்பதாலோ, “தங்குவிடுதிக் குளியலறையில் வழுக்கி விழுந்தேன்” என்று சொல்லிவிட்டால், மூன்று மாதம் கழித்து உண்மையைச் சொல்லும்போது அதை நம்பவைப்பது பெரும்பாடு. முதுகுவலிக்கு இது இன்னும் பொருந்தும். கை எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே பேசும். பாரம் தூக்கும்போது பிடித்துக்கொண்ட முதுகுக்கு அன்றைய குறிப்பே பெரிய சாட்சி. ஆங்கிலம் வராவிட்டால் தமிழ் தெரிந்த தாதி இருக்கிறாரா என்று கேளுங்கள். நிறுவனம் கூட்டிச்சென்ற கிளினிக்கில் திருப்தி இல்லையென்றால் அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நீங்களே போகலாம். விடுப்புச் சான்றிதழ், மருந்துச் சீட்டு, ரசீது எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே மூலத்தை நிறுவனத்திடம் கொடுங்கள்.

மூன்றாவது, விபத்து மனிதவள அமைச்சில் பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பது. வேலைக் காயத்துக்காக ஒரு நாள் எம்சி (மருத்துவ விடுப்பு) கொடுக்கப்பட்டிருந்தாலும், லைட் டியூட்டி (இலகுவான வேலை) மட்டுமே எழுதப்பட்டிருந்தாலும், முதலாளி 10 நாட்களுக்குள் அதை அமைச்சுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். அவர் தெரிவிக்கவில்லையென்றால் நீங்களே அமைச்சிடம் தெரிவித்துக் கோரிக்கையைத் தொடங்கலாம். விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் கோர வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அடுத்து, எம்சி நாட்களுக்கான சம்பளம். வெளிநோயாளியாகப் பெறும் விடுப்பில் முதல் 14 நாட்களுக்கும், மருத்துவமனை விடுப்பில் முதல் 60 நாட்களுக்கும் முழுச் சம்பளம் கிடைக்கும். அதற்கு மேற்பட்ட நாட்களுக்கு, விபத்து நடந்து ஓராண்டு முடியும்வரை, மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும். இங்கே சம்பளம் என்பது அடிப்படைச் சம்பளம் மட்டும் அல்ல. விபத்துக்கு முந்தைய 12 மாதங்களில் ஓவர்டைம் சேர்த்து நீங்கள் ஈட்டியதன் மாதச் சராசரி. அடிப்படைச் சம்பளம் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஓவர்டைமோடு சராசரி 1,200 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், கணக்கு 1,200-இலிருந்துதான் தொடங்க வேண்டும். அப்போது மூன்றில் இரண்டு பங்கே மாதம் 800 வெள்ளி ஆகிவிடுகிறது. ஆகவே பழைய சம்பளச் சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். லைட் டியூட்டி நாட்களிலும் இதே சராசரியை ஒட்டித்தான் வருமானம் ஈடுசெய்யப்பட வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

சிகிச்சைச் செலவு முதலாளியின் பொறுப்பு. 2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்துகளுக்கு 53,000 வெள்ளி அல்லது விபத்திலிருந்து ஓராண்டு, இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவே வரம்பு.

காயம் ஆறிய பிறகும் உடலில் குறை தங்கிவிட்டால் நிரந்தர ஊனத்துக்கான தொகை வரும். உடல்நிலை நிலைப்பட்ட பின் மருத்துவர் ஊனத்தைச் சதவிகிதமாக மதிப்பிடுவார். அச்சதவிகிதத்தோடு உங்கள் மாதச் சராசரியையும் வயதுக்கேற்ற காரணியையும் பெருக்கித் தொகை கணக்கிடப்படும். மேற்சொன்ன தேதி முதல் நடந்த விபத்துகளில் இதன் உச்சவரம்பு 346,000 வெள்ளி; உயிரிழப்புக்கு 269,000 வெள்ளி. உச்சவரம்பைப் பார்த்துக் கனவு காண வேண்டாம். விரலில் ஒரு கணு போனதற்கும் இடுப்புக்குக் கீழே செயலிழந்ததற்கும் சதவிகிதம் வெகுவாக மாறுபடும்.

மதிப்பீடு முடிந்ததும் தொகை குறித்த அறிவிப்புக் கடிதம் வரும். தொகை குறைவு என்று தோன்றினால் ஆட்சேபம் தெரிவிக்கலாம். கெடு வாரக் கணக்கில்தான் இருக்கும் என்பதால் கடிதத்தைப் பெட்டியில் போட்டு வைக்காதீர்கள். இதற்கு வழக்கறிஞர் தேவையில்லை. முதலாளியின் அலட்சியத்தை நிரூபித்து நீதிமன்றத்தில் பெருந்தொகை கேட்கும் வழியும் உண்டு, ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். நீதிமன்ற வழி நீளமானது. தோற்றால் செலவும் தலைமேல் விழும். சாட்சியம் வலுவாக இருந்தால் ஒழிய அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வொர்க் பெர்மிட் (வேலை அனுமதி) ரத்தானால் கோரிக்கையும் ரத்தாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஸ்பெஷல் பாஸ் என்ற தற்காலிகத் தங்கல் அனுமதி பெற்று, கோரிக்கை முடியும்வரை இங்கே தங்கலாம். அந்த நாட்களில் ஆலோசனைக்கு வெளிநாட்டு ஊழியர் நிலையத்தையும் வெளிநாட்டு ஊழியருக்கு உதவும் டிடபிள்யூசி2 என்ற தொண்டு அமைப்பையும், மருத்துவ உதவிக்கு ஹெல்த்சர்வ் அமைப்பையும் நாடலாம். மதிப்பீட்டுக்கு முன்பே ஊருக்குப் போக நேர்ந்தால், ஊர் முகவரியையும் அங்கே எடுக்கும் தொலைபேசி எண்ணையும் அமைச்சிடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் எழுத்தில் கொடுத்துவிட்டே விமானம் ஏறுங்கள்.