ஆமிக் கொமடிப் படம் எடுக்கப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் கமெரா தூக்கும் பொடியன்களுக்கு ஆமிக் கதையில் ஆசை வருவது இயல்புதான். டொக்யார்டில் கடற்படை, சீனக்குடாவில் விமானப்படை, கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் பிரெட்ரிக் கோட்டைக்குள் தரைப்படை. நாலு உடுப்பும் ஒரு விசிலும் விழுந்தெழும்ப ஆளும் இருந்தால் போதும், படம் தயார் என்று தோன்றும். செலவு குறைவுதான். ஆனால் ஒருவருக்கும் சிரிப்பு வராமல் போக இதில் வழிகள் ஏராளம்.

முதல் தவறு, எல்லாரையும் கோமாளியாக்குவது. சார்ஜன்டும் முழியை உருட்டுகிறார், சிப்பாயும் உருட்டுகிறான், சமையல்காரரும் உருட்டுகிறார். அப்புறம் யாரைப் பார்த்து யார் பயப்படுவது? 1958இல் இங்கிலாந்தில் சிறு செலவில் கறுப்பு வெள்ளையில் வந்த 'கேரி ஆன் சார்ஜன்ட்' படத்தைப் பாருங்கள். ஓய்வுபெறப் போகும் சார்ஜன்ட், தன் கடைசிக் குழு முதலிடம் பிடிக்கும் என்று பந்தயம் கட்டுகிறார். வந்து சேர்வதோ தேறாத கூட்டம். சார்ஜன்டாக வந்த வில்லியம் ஹார்ட்னெல் சிரிப்புக் காட்ட முயலவே மாட்டார். அந்த இறுகிய முகம்தான் மற்றவர்களின் கூத்தைத் தாங்கி நிற்கிறது.

பெரேட் காட்சியும் அப்படித்தான். பத்துப் பேர் கச்சிதமாக இடப்பக்கம் திரும்பினால்தான் பதினோராவது ஆள் வலப்பக்கம் திரும்புவது எடுபடும். பத்துப் பேரும் தள்ளாடினால் அது வெறும் குழப்பம். ஆகவே இருக்கிற காசில் ஒரு பங்கை ஒத்திகைக்குச் சாப்பாடு வாங்க ஒதுக்குங்கள். பள்ளிக்கூடத்தில் கடேற் பயிற்சி எடுத்த ஒருவர் எப்படியும் உங்கள் வட்டத்தில் இருப்பார். அவரைப் பிடித்து ஒரு கிழமை கால் மாற்றிப் போடப் பழகுங்கள்.

அடுத்தது, விழுவதைத் துண்டு துண்டாக வெட்டிக் காட்டுவது. கால், முகம், வானம், திரும்பவும் முகம், கூடவே 'டொய்ங்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை ஒருமுறை போடலாம், சரி. ஒவ்வொரு விழுகைக்கும் போட்டால் பார்ப்பவருக்குத் தலைவலி. போனை முக்காலியில் வைத்துத் தலை முதல் பாதம் வரை தெரிய ஒரே ஷொட்டில் எடுங்கள். காலைத் தடுக்கப்போகும் வாளி எங்கே இருக்கிறது என்பது பார்ப்பவருக்குத் தெரியவேண்டும், நடந்து வருகிறவனுக்குத் தெரியக்கூடாது.

உடுப்பில்தான் பலர் மாட்டுகிறார்கள். படைவீரர் அல்லாதவர், பார்ப்பவர் தன்னைப் படைவீரர் என்று நம்பவேண்டும் என்பதற்காக அந்த உடுப்பைப் போடுவது இலங்கைச் சட்டப்படி குற்றம். படத்துக்குத்தான் போட்டோம் என்று சென்றியில் (படையினரின் சோதனைச் சாவடியில்) நின்று விளக்கிக்கொண்டிருந்தால் அன்றைய படப்பிடிப்பு போய்விடும். இல்லாத நாடொன்றின் படையை உருவாக்குங்கள். கத்தரிப்பூ நிறச் சட்டை, தொப்பியில் ஒரு சேவல் இறகு. செலவும் குறைவு, பார்த்த உடனே சிரிப்பும் வரும். கோட்டைக்குள்ளோ சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளின் பக்கமோ அனுமதியில்லாமல் கமெராவோடு போகவேண்டாம். (கோட்டைக்குள் அனுமதி கிடைத்தாலும் அங்கே மான்கள் உண்டு. ஒரு மான் வந்து நின்றால் உங்கள் கதாநாயகனை யாரும் பார்க்கப் போவதில்லை.) அறுவடை முடிந்த தம்பலகாமம் வயல், மண் மூட்டை, கிடுகு வேலி, இரண்டு தகர பீப்பாய் என்றால் ஒரு முகாம் எழும்பிவிடும். பொம்மைத் துவக்கை ஓட்டோவில் வெளியே தெரிய நீட்டிக்கொண்டு போகவேண்டாம். வெடிச் சத்தத்தையும் கணினியில் சேர்த்துக்கொள்ளுங்கள். போர் 2009இல் முடிந்தாலும், சீன வெடிக்கே நெஞ்சைப் பிடிக்கிற அம்மாமார் இன்னும் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய தவறு, சிரிப்பைப் பிழையான இடத்தில் தேடுவது. சென்றியில் சைக்கிளை விட்டு இறங்கித் தலைகுனிந்து நடந்தவர்கள்தான் உங்கள் படத்தைப் பார்க்க வருவார்கள். அந்தச் சோதனையைக் கேலியாக்கினால் மண்டபம் உறைந்துபோகும். சிங்களச் சிப்பாயின் கொச்சைத் தமிழை வைத்துச் சிரிக்க வைப்பதும் சோம்பேறித்தனம். சாப்ளின் 1918இல், முதலாம் உலகப்போர் முடிவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, 'சோல்டர் ஆர்ம்ஸ்' என்ற சிப்பாய்ப் படத்தை வெளியிட்டார். அதில் பதுங்குகுழிக்குள் வெள்ளம். நீருக்குள் மூழ்கியபடி, கிராமபோன் குழாயால் மூச்சு விட்டுக்கொண்டு ஒரு மனிதன் தூங்கப் பார்க்கிறான். போர்முனையிலும் அவர் சிரிப்பை எடுத்தது தூக்கமின்மையிலிருந்து. உங்களுக்கும் கிடாரத்தில் தீய்ந்த பருப்பு இருக்கிறது, இரண்டு அளவு பெரிய சப்பாத்து இருக்கிறது, லீவுக்கு நாலு மேசை சுற்றும் விண்ணப்பம் இருக்கிறது. அதிகாரம் உள்ளவர் வழுக்கி விழட்டும், ஏழை கிராமத்தவர் வேண்டாம்.

கடைசியாகக் காற்று. ஐப்பசி தொடங்கினால் மழை, அதனால் எல்லாரும் ஆடியில் எடுக்கப் போகிறார்கள். அப்போது கச்சான் காற்று மைக்கைத் தின்றுவிடும். வசனக் காட்சிகளை விடியலில் முடித்து, விழுகிற காட்சிகளைப் பின்னேரத்துக்கு வையுங்கள். விழுகிறவனுக்கு மைக் தேவையில்லை, கீழே ஒரு தும்பு மெத்தை இருந்தால் போதும்.