“வரலையே அக்கா”: ஆய்வு மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆகஸ்ட் பிறந்தால் எங்கள் ஆய்வகத்துக்குப் புது முகங்கள் வந்துவிடும். இந்த முறை வந்த இரண்டு பேரில் ஒருத்திக்குத் திருநெல்வேலிப் பக்கம். போன வாரம் அவள் சூட்டுத்தட்டிலிருந்து ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து, வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். ஈயக் கழிவுக்கென்று வைத்திருக்கும் டப்பாவில் அதைப் போட்டுவிட்டு அடுத்ததைத் தொடங்கப் போனாள்.

“நோட்டுல எழுதலையா?” என்று கேட்டேன்.

“இது சரியா வரலையே அக்கா. வந்ததும் எழுதிக்கிறேன்.”

இதே பதிலை நானும் சொல்லியிருக்கிறேன். 2015-இல் தஞ்சாவூரிலிருந்து பிஎச்டி படிக்க இங்கே சிங்கப்பூருக்கு வந்த புதிதில், எனக்கு மூத்தவர் ஒருவர் கேட்டபோது சொன்னேன். அதற்கு நான் கொடுத்த விலை இன்னும் மனதில் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நேரத்துக்குத் தூங்குங்கள், கோப்புகளை இரண்டு இடத்தில் சேமியுங்கள், படித்த கட்டுரைகளை முதல் நாளிலிருந்தே ஒழுங்காக அடுக்குங்கள் என்பதையெல்லாம் அறிமுக வாரத்திலேயே சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பேராசிரியரின் பெயரை மட்டும் பார்த்துச் சேர்வது

பெரிய பெயர், நிறைய கட்டுரைகள், பளபளப்பான இணையப் பக்கம். இவற்றைப் பார்த்துச் சேர்ந்துவிடுகிறார்கள். சேருவதற்கு முன்னால் அவரிடம் இப்போது படிக்கும் மாணவர்கள் இரண்டு பேரிடம் பேசுங்கள். “பிராஃபைக் கடைசியாக எப்போது தனியாகப் பார்த்தீர்கள்?” என்று கேளுங்கள். “உங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள்?” என்றும் கேளுங்கள். முதல் கேள்விக்கே யோசிக்க ஆரம்பித்தால் நீங்களும் யோசியுங்கள்.

செலவுக்கு டியூஷன் எடுப்பது

உங்கள் உபகாரச் சம்பள ஒப்பந்தத்தை வரி விடாமல் படிக்காமல் எடுக்காதீர்கள்.

நல்ல நாளை மட்டும் எழுதுவது

நான் சொல்ல வந்ததே இதைத்தான்.

என்னுடைய ஆய்வு, பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளால் செய்யும் சூரிய மின்கலங்களில். இந்தப் பொருளை வைத்து 2009-இல் ஜப்பானில் முதன்முதலாக மின்கலம் செய்தபோது, ஒளியை மின்சாரமாக மாற்றும் அதன் திறன் 3.8 சதவீதம்தான். நான் சேர்ந்த வருடத்தில் அது 20 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. உலகம் முழுக்க எல்லோரும் ஓடிக்கொண்டிருந்த துறை. ஒரு மாதம் நின்றால் பின்தங்கிவிடுவோம் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது.

செய்முறையைக் கேட்டால் எளிதாகத்தான் தெரியும். ஈய அயோடைடையும் இன்னோர் உப்பையும் கரைத்து, அந்தக் கரைசலைச் சின்னச் சதுரக் கண்ணாடியின் மேல் விட்டு, நிமிடத்துக்கு 4000 சுற்று வேகத்தில் சுழற்ற வேண்டும். சுழன்றுகொண்டிருக்கும்போதே, சரியான நொடி பார்த்துக் குளோரோபென்சீன் என்ற கரைப்பானை மேலே விட வேண்டும். பிறகு 100 டிகிரி சூட்டுத்தட்டில் வைத்தால் படலம் கறுத்துக்கொண்டே வரும். நன்றாக வந்தால் அதில் உங்கள் முகம் தெரியும். வராவிட்டால் சாம்பல் பூத்தாற்போல் மங்கிக் கிடக்கும். ஈரம் பட்டாலோ ஈய அயோடைடு பிரிந்து மஞ்சளாகிவிடும். சிங்கப்பூர்க் காற்றில் ஈரப்பதம் சராசரியாகவே 80 சதவீதத்துக்கு மேல். அதனால் எல்லாவற்றையும் குளோவ்பாக்ஸுக்குள் செய்வோம். நைட்ரஜன் நிரப்பிய கண்ணாடிப் பெட்டி அது. வெளியே நின்று, அதில் பொருத்தியிருக்கும் தடித்த ரப்பர்க் கையுறைகளுக்குள் கையை விட்டு வேலை செய்ய வேண்டும்.

என் பழைய நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கத்தில் தேதி, கரைசலின் அளவு, “கறுப்பு, நல்ல பளபளப்பு”, அதற்கடுத்து மின்கலத்தின் திறன். அடுத்த பக்கத்தின் தேதி ஒன்பது நாள் கழித்து. அந்த ஒன்பது நாளும் நான் ஆய்வகத்தில்தான் இருந்தேன். நாற்பது துண்டாவது கழிவு டப்பாவுக்குப் போயிருக்கும். நோட்டைப் பார்க்கிறவருக்கு நான் ஊருக்குப் போயிருந்தேன் என்றுதான் தோன்றும்.

மூன்றாம் வருடம் நவம்பரில் படலம் வருவது நின்றுபோயிற்று. அடியோடு நின்றிருந்தால்கூடக் காரணம் பிடிபட்டிருக்கும். இன்று வரும், அடுத்த நான்கு நாள் வராது, திரும்ப ஒரு நாள் வரும். முதலில் ஈரத்தைச் சந்தேகப்பட்டேன். அப்புறம் புதிதாக வாங்கிய ஈய அயோடைடு பாட்டிலை. அப்புறம் என் கையை. குளோரோபென்சீனை விடும் நொடி தவறுகிறது என்று நினைத்து, தண்ணீரை வைத்து இரவெல்லாம் பழகினேன். ஒரே நேரத்தில் மூன்று விஷயங்களை மாற்றினேன். எதை மாற்றியதால் என்ன ஆனது என்று அதனால் எனக்கே தெரியாமல் போயிற்று. வந்த நாட்களை மட்டும் வழக்கம் போல நோட்டில் எழுதினேன்.

இப்படியே ஏழு மாதம் போயிற்று. இடையில், மார்ச்சில், வேறு நாட்டு ஆய்வுக்குழு ஒன்றின் கட்டுரை வெளிவந்தது. நான் செய்யவிருந்ததில் பாதி அதில் இருந்தது. அன்றைக்கு கிளமெண்டி கோப்பிக்கடையில் தே தாரிக்கை முன்னால் வைத்துக்கொண்டு, அது ஆறி ஆடை படியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

ஜூனில் ஒரு மாலை, எங்கள் ஆய்வகத்தைக் கவனித்துக்கொள்ளும் பெரியவர் பக்கத்தில் வந்து நின்றார். முழுதாகக் கேட்டுவிட்டு, “எந்தெந்த நாள் வரவில்லை?” என்றார். என்னால் சொல்ல முடியவில்லை. வந்த நாட்கள் எல்லாம் நோட்டில் இருந்தன. வராத நாள் ஒன்றுகூட இல்லை.

கடைசியில் உதவியது கைப்பேசி. படலம் கெட்டுப்போகும்போதெல்லாம் ஆற்றாமையில் அதைப் படம் எடுத்து, என் தோழிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். அந்தப் படங்களில் தேதியும் நேரமும் இருந்தன. குளோவ்பாக்ஸ் பக்கத்தில், யார் எப்போது பயன்படுத்தினார்கள் என்று எழுதும் பதிவுத்தாள்கள் பழையதும் புதியதுமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. படங்களையும் தாள்களையும் அருகருகே வைத்துத் தரையில் உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. காலையில் நான் முதல் ஆளாகப் பெட்டியில் கை விட்ட நாளெல்லாம் கறுப்பு. எனக்கு முன்னால் வேறு யாராவது கரைசல் சுழற்றியிருந்த நாளெல்லாம் சாம்பல்.

அவர்களுடைய கரைப்பானின் ஆவி பெட்டிக்குள்ளேயே தங்கியிருந்திருக்கிறது. அந்த ஆவி இருந்தால் படலம் உலரும் வேகம் மாறும், படிகம் உருவாகும் விதமும் மாறும். நவம்பரில் எங்கள் குழுவில் புதிதாக ஒருவர் சேர்ந்து, காலை நேரத்தைத் தனக்குப் பதிவு செய்ய ஆரம்பித்திருந்தார். ஈரமும் இல்லை, பாட்டிலும் இல்லை, என் கையும் இல்லை. வேலை தொடங்கும் முன் 20 நிமிடம் நைட்ரஜனைச் செலுத்திப் பெட்டிக்குள் இருப்பதை வெளியேற்றினால் போதும். மறுநாளே படலம் வந்தது.

20 நிமிட வேலையைக் கண்டுபிடிக்க ஏழு மாதம். கெட்டுப்போன துண்டுகளுக்குத் தலா ஒரு வரி எழுதியிருந்தால் இரண்டாவது வாரமே தெரிந்திருக்கும். இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரமாக வருகிறது. உபகாரச் சம்பளம் 4 ஆண்டுக்குத்தான். அது முடிந்த பிறகு ஐந்து மாதம் கட்டணத்தையும் வாடகையையும் கையிலிருந்து கட்டினேன். நான் அறை எடுத்திருந்த வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு ஆன்ட்டி, “முடிச்சிட்டுக் கொடும்மா, நீ எங்க ஓடிறப் போற” என்று ஒரு மாத வாடகையை வாங்காமல் தள்ளிவைத்தார். அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த ஏழு மாதத்தை யாரிடம் வாங்குவது?

ஏன் இப்படிச் செய்கிறோம்? பிராஃப் புரட்டிப் பார்ப்பார் என்ற எண்ணம் ஒரு காரணம். சாமிக்குப் படைக்கிற இலையில் வைப்பதுபோல, நோட்டில் நல்லதை மட்டும் வைக்கிறோம். இன்னொரு காரணம், கெட்டுப்போன நாளின் முடிவில் அதை உட்கார்ந்து எழுத மனம் வராது. எப்படியாவது அதை மறந்துவிட்டு வீட்டுக்குப் போனால் போதும் என்று இருக்கும். எனக்குப் புரிகிறது. ஆனாலும் எழுதுங்கள்.

ஆய்வகத்தில் வேலை செய்பவர்களுக்கு மட்டும் இது என்று நினைக்க வேண்டாம். வரலாறு படித்த என் தோழி ஒருத்தி, துறைமுகத் தொழிலாளர்களைப் பற்றிய செய்திகளைத் தேடி, விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகத்தில் பழைய தமிழ் முரசு இதழ்களை நுண்படச் சுருளில் பார்த்துக்கொண்டிருந்தாள். செய்தி கிடைத்த இதழின் தேதியைக் குறித்துக்கொள்வாள். கிடைக்காத சுருளை அப்படியே எடுத்து வைத்துவிடுவாள். இறுதி வாய்மொழித் தேர்வில், “அந்த இரண்டு வருடங்களில் செய்தியே இல்லை என்கிறீர்களே, எத்தனை இதழ்களைப் பார்த்தீர்கள்?” என்று கேட்டார்கள். எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். காட்டுவதற்குத்தான் ஒன்றும் இல்லை. திருத்தத்துக்கு அவகாசம் வாங்கி, அதே சுருள்களை முதலிலிருந்து மறுபடி ஓட்டினாள்.

எழுதும் முறையைச் சொல்கிறேன். செய்யும் ஒவ்வொரு துண்டுக்கும் எண் கொடுங்கள், கெட்டுப்போகும் என்று தெரிந்தாலும் கொடுங்கள். தேதியோடு நேரத்தையும் எழுதுங்கள். உங்களுக்கு முன்னால் அந்தக் கருவியில் யார் என்ன செய்தார்கள், பாட்டிலை எப்போது திறந்தது, நேற்றிலிருந்து இன்று நீங்கள் மாற்றிய ஒரே விஷயம் எது என்று எழுதுங்கள். கடைசியில் கண்ணுக்குத் தெரிந்ததை எழுதுங்கள்: “சாம்பல், ஓரத்தில் மட்டும் கறுப்பு” என்பதுபோல. “சரியில்லை” என்று எழுதினால் ஆறு மாதம் கழித்து அந்தச் சொல் உங்களுக்கு எதையும் சொல்லாது. துண்டு டப்பாவில் விழும் முன்னால் எழுதிவிடுங்கள், விழுந்தபின் எழுத மாட்டீர்கள்.

திருநெல்வேலிப் பெண்ணிடம் இவ்வளவையும் சொன்னேன். டப்பாவிலிருந்து அந்தத் துண்டை இடுக்கியால் எடுத்து மேசைமேல் வைத்தாள். “இதுக்கு என்ன நம்பர் போடட்டும்க்கா?” என்று கேட்டாள்.

நெறியாளர் கண்ணில் படாமல் இருப்பது

மேலே சொன்ன தவறின் தங்கை இது. முடிவு வராத மாதத்தில் பிராஃபின் அறைக் கதவு திறந்திருந்தால் அந்த வழியாகவே போக மாட்டோம். அந்த ஏழு மாதத்தில் நான் அவரைத் தனியாகப் பார்த்தது இரண்டு தடவை. இரண்டிலும் நன்றாக வந்த படலங்களை மட்டும் காட்டினேன். எல்லாம் சரியாகப் போகிறது என்று அவரும் நம்பினார். பிற்பாடு எல்லாவற்றையும் சொன்னபோது, “முதல் மாதமே வந்திருந்தால் உன்னோடு நானும் உட்கார்ந்திருப்பேனே” என்றார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

கெட்டுப்போன துண்டோடு போங்கள். கையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும், குறித்த நாளில் போங்கள்.

பக்கத்து மேசையோடு ஒப்பிடுவது

அவர் கேள்வி வேறு, உங்கள் கேள்வி வேறு.

கட்டுரை திரும்பி வந்த மின்னஞ்சலை இரவில் படிப்பது

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வேலை நேரம் ஓடும்போது நமக்கு மாலையோ இரவோ ஆகியிருக்கும். அதனால் இதழ்களின் பதில் பெரும்பாலும் நாம் படுக்கும் நேரத்தில்தான் வந்து விழும். தலைப்பைப் பார்த்ததும் கைப்பேசியைக் கவிழ்த்து வையுங்கள். காலையில், சாப்பிட்ட பிறகு, ஒருமுறை படியுங்கள். இரண்டு நாள் விட்டு மறுபடி படித்தால், முதலில் அடியாகத் தெரிந்த வரிகளில் பாதி நியாயமான கேள்வியாகத் தெரியும்.

வீட்டுக்குத் தேதி சொல்வது

“எப்ப முடியும்?” என்று அம்மா கேட்கும்போது ஒரு மாதத்தின் பெயரைச் சொன்னால் அந்த நேரத்துக்கு நிம்மதி. நான் “வர்ற தை” என்றேன். அம்மா சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். தை போயிற்று, அடுத்த ஆடியும் போயிற்று. அம்மா என்னிடம் கேட்பதை நிறுத்திவிட்டார். ஆனால் ஊரில் கேட்கிறவர்களுக்கெல்லாம் அவர்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார், எனக்குத் தெரியாமல். தேதிக்குப் பதில் இப்போது எந்த வேலை நடக்கிறது, அடுத்தது என்ன என்று சொல்லுங்கள். படலம் கறுப்பாக வர வேண்டும் என்று ஒருநாள் விளக்கினேன். அதிலிருந்து அம்மா போனில் முதலில் கேட்பது, “இன்னைக்குக் கறுப்பா வந்துச்சா?”

விடுப்பை எடுக்காமல் சேர்ப்பது

தைப்பூசம் இங்கே பொது விடுமுறை இல்லை. 1968-இல் விடுமுறைப் பட்டியலைக் குறைத்தபோது அது போய்விட்டது. மூன்றாம் வருடம் ஆன்ட்டி பால்குடம் எடுத்தார், கூட வரச்சொல்லிக் கூப்பிட்டார். படலம் வந்துவிடும் என்று ஆய்வகத்துக்குப் போனேன். வரவில்லை. நான்காம் வருடம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, விடிவதற்கு முன்னால் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலுக்குப் போய், அங்கிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை அவர் பக்கத்திலேயே தண்ணீர்ப் புட்டியோடு நடந்தேன். வழியில் ஒரு தடவைகூடக் கைப்பேசியை எடுக்கவில்லை.