கடல்துறைச் சங்கத்தில் தலைவராக வரவேண்டுமா?

நன்றாகப் பேசத் தெரிந்தவர்தான் தொழிற்சங்கத் தலைவராக முடியும் என்று நம்மில் பலர் இன்னும் நினைக்கிறோம். கடல்துறையில் அது எடுபடாது. உறுப்பினர்களில் பலர் மாதக்கணக்கில் கடலில் இருப்பவர்கள், அவர்கள் உங்கள் பேச்சைக் கேட்கப்போவதில்லை. கொடுத்த புகாரை முடித்துத் தந்தீர்களா என்பதை மட்டும்தான் பார்ப்பார்கள்.

முதலில் எந்தச் சங்கம் என்று பாருங்கள். கப்பலில் அதிகாரி, என்ஜினியர் என்றால் சிங்கப்பூர்க் கடல்துறை அதிகாரிகள் சங்கம் 1951 முதல் இருக்கிறது. மற்ற மாலுமிகளுக்கு 1971ல் பதிவான மாலுமிகள் அமைப்பு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்களுக்குத் துறைமுக ஊழியர் சங்கம். அதிகாரிகள் சங்கத்தின் மேரி லியூ 2015ல், சிங்கப்பூர்த் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பான என்டியுசியின் தலைவரானார், அவருக்கு அடுத்து 2023ல் அந்தப் பொறுப்புக்கு வந்தவர் நம் தனலெட்சுமி. நமக்கெல்லாம் அங்கே என்ன இடம் என்று தயங்குகிற தம்பி தங்கைகளுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

சரி, எதைக் கற்றுக்கொள்வது? 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை வரி வரியாகப் படியுங்கள். சிங்கப்பூர் 2011ல் அதை ஏற்றது, 2013 ஆகஸ்டில் நடப்புக்கு வந்தது. அதன்படி 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி, 7 நாளில் 77 மணி ஓய்வு வேண்டும். அன்றாட ஓய்வை இரண்டு துண்டுக்கு மேல் பிரிக்கக்கூடாது, அதில் ஒன்றாவது 6 மணிக்குக் குறையக்கூடாது.

எண்களை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. கப்பலுக்குப் போனால் ஓய்வு நேரத் தாளைக் கேட்டு வாங்குங்கள், மாதம் முழுக்க போசன் (தள மாலுமிகளின் மேஸ்திரி) இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை தூங்கினார் என்று அழகாக எழுதியிருக்கும், அப்புறம் கப்பலின் அன்றாடப் பதிவேடான டெக் லாக்கைத் திறந்து, துறைமுகத்துக்குள் கப்பலை வழிநடத்தும் பைலட் ஏறிய நேரத்தைப் பாருங்கள், அதிகாலை இரண்டரை என்றிருந்தால் அந்த நேரத்தில் முன்தளத்தில் கயிறு கட்டியது யார்? இந்த ஒரு கேள்விக்குக் கம்பெனி பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். நீங்கள் குரலை உயர்த்தவே தேவையில்லை.

சம்பள விஷயமும் இப்படித்தான். இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டாலே மாலுமி கைவிடப்பட்டவராகக் கருதப்படலாம், அப்போது நான்கு மாத நிலுவைவரை ஈடுகட்ட நிதி உத்தரவாதம் இருக்கிறது. அதற்கான சான்றிதழைக் கப்பலில் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வேலை வாங்கித் தருவதாக ஊரில் ஏஜென்ட் பணம் பிடுங்கியிருந்தால் அதுவும் தவறு, ஆனால் பையன்கள் பயத்தில் வாயைத் திறக்கமாட்டார்கள். தமிழில் "என்ன தம்பி, சாப்பாடெல்லாம் எப்படி?" என்று ஆரம்பித்துப் பாருங்கள், மெல்ல மெல்லச் சொல்லுவார்கள்.

பேச்சுவார்த்தை மேசைக்கு வருவது இதற்கெல்லாம் பிறகுதான். இங்கே கூட்டு ஒப்பந்தம் இரண்டிலிருந்து மூன்று ஆண்டுக்குப் போடப்படும், தொழில் நடுவர் நீதிமன்றம் அதற்குச் சான்றளிக்கும். ஒரு வார்த்தை தப்பினால் அவ்வளவு காலமும் தொழிலாளிதான் சுமக்கவேண்டும், அதனால் கையெழுத்துப் போடுமுன் வரைவை கப்பலில் வேலை பார்க்கும் இரண்டு பேரிடமாவது காட்டுங்கள்.

செயற்குழுத் தேர்தலுக்கு நிற்க அவசரப்படாதீர்கள். ஒரு புகார் முடிந்ததும், என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை, ஏன் என்று அந்த மாலுமிக்கு நீங்களே எழுதி அனுப்புங்கள், கப்பல் நங்கூரம் எடுப்பதற்கு முன்னால்.