பாட்டுக்குப் பேர் போடுவது எப்படி: கூடிப் பாடும் மலையக நண்பர்களுக்கு

இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்தில் ‘பேர்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று எல்லாரும் அறிந்தது. மற்றது, தோட்டத்துச் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் ஒரு நாள் உழைப்புக்காக விழும் பதிவு. முழுநாள் உழைத்தால் ஒரு பேர், பாதியில் நின்றால் அரைப்பேர். கொழுந்து நிறுக்கும் இடத்தில் எங்கள் அம்மாமார் தராசு முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காமல் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த இடத்திலேயே எழுதப்படாத கிலோவை மறுநாள் கேட்டு வாங்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். நண்பர்கள் கூடி ராப் பாட்டு உருவாக்கும்போதும் இதே நிலைதான். பாட்டு பிறந்த இரவே யாருக்கு எவ்வளவு என்பதை எழுதிவிட வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதை, ஹட்டனில் ஒரு சிறிய அறையில் பல ஆண்டுகளாகப் பீட், அதாவது ராப்புக்கான பின்னணித் தாள இசை, செய்து வருபவன் என்ற முறையில் இங்கே விளக்குகிறேன்.

ராப் பாட்டு பெரும்பாலும் கிண்டலில்தான் பிறக்கிறது. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவெனியூ 1520 ஆம் இலக்கக் கட்டடத்தில் டீஜே கூல் ஹெர்க் இசைத்தட்டுச் சுழற்றிய விருந்தைத்தான், ராப்பை உள்ளடக்கிய ஹிப்ஹொப் கலையின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். இசைத்தட்டு சுழலும்போது நண்பர்களைப் பேர் சொல்லி அழைத்தும் சீண்டியும் ஒலிவாங்கியில் பேசிய பேச்சுத்தான் பின்னர் எதுகை பெற்று ராப்பாக வளர்ந்தது. கறுப்பின இளைஞர்களிடையே ‘டஸன்ஸ்’ என்ற ஏட்டிக்குப் போட்டிக் கிண்டல் விளையாட்டு அதற்கு முன்பிருந்தே இருந்தது. காமன் கதையை வைத்து எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று பிரிந்து வாதாடும் லாவணி மரபைக் கேட்டிருப்பவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆகவே, பிளேன் டீயும் கடலை வடையும் வைத்துக்கொண்டு சம்பளம், மழை, பஸ், காதல் என்று நண்பர்கள் ஒருவரையொருவர் வாரிக்கொண்டிருக்கும் நேரத்தை வீண் பொழுதாக எண்ண வேண்டாம். உங்கள் பட்டறை அதுதான், சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு ஞாயிறு மாலை, விடாத மழையில் நால்வர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். மழையால் வேலை பாதியில் நின்று அரைப்பேரோடு வீட்டுக்கு வந்த தன் அம்மாவைப் பற்றிப் பேசிய நண்பன் ஒருவன், சிரித்துக்கொண்டே “மழைக்கும் அரைப்பேரு, மனுசனுக்கும் அரைப்பேரு” என்றான். “மச்சான், அத இன்னொருக்கா சொல்லு” என்று கேட்டு, அந்த வரியையே பல்லவியாக்கிப் பீட் கட்டினேன். மற்ற இருவரும் ஆளுக்கொரு வெர்ஸ், அதாவது ராப் சரணம், எழுதிப் பாடினார்கள். வரியைச் சொன்னவன் பாடகன் இல்லை. அடுத்த வாரம் அவன் கொழும்பில் ஒரு கடை வேலைக்குப் போய்விட்டான். பாட்டு யூடியூபில் ஏறியபோது அதன் கீழே மூன்று பேர்கள் இருந்தன, அவன் பேர் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் தொலைபேசியில் அந்தப் பல்லவி ஒலித்ததைப் பஸ்ஸில் கேட்டதாக அவன் ஒரேயொரு செய்தி அனுப்பினான். அதன்பின் பதினான்கு மாதங்கள் எங்களில் எவருடனும் பேசவில்லை. அவனுடைய அம்மாவின் அரைப்பேரைப் பாட்டாக்கிய நாங்கள், அவனுக்கு அந்த அரைப்பேரைக்கூடப் போடவில்லை. இந்த வழிகாட்டியை நான் எழுதக் காரணம் அதுவே.

முதலில் செய்ய வேண்டியது, பேச்சைப் பதிவு செய்வது. கூடி உட்காரும்போது ஒரு தொலைபேசியில் ஒலிப்பதிவை இயக்கி மேசை நடுவில் வைத்துவிடுங்கள், ஆனால் பதிவு நடக்கிறது என்பது அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். முடிந்ததும் அதைக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டால், திகதியும் நேரமும் தாமாகவே பதிந்துவிடும். தொலைபேசி தொலைந்தால் அத்தனையும் போய்விடும் என்பதால், மின்னஞ்சலிலோ கூகுள் டிரைவிலோ ஒரு பிரதி வைத்துக்கொள்வது நல்லது. அறைக்குள் பேசிய கிண்டலை அப்படியே வெளியிடுவது வேறு விடயம். அதில் பேசிய ஒவ்வொருவரின் சம்மதமும் இல்லாமல் அதைச் செய்யவே கூடாது. நண்பர்களுக்கிடையில் செல்லமாக விழுந்த ஒரு சொல், ஊருக்கு முன்னால் விழும்போது அவமானமாக மாறிவிடும்.

அடுத்து, எது யாருடையது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். இலங்கையில் இதற்கான சட்டம் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். படைப்பு உருவான கணத்திலேயே அது பாதுகாப்புப் பெறுகிறது, எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. படைத்தவர் வாழும் காலமும் அவர் மறைந்த பின் 70 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். ஆனால் வெறும் எண்ணத்துக்குச் சட்டத்தில் உரிமை கிடையாது. “மழை நாளைப் பற்றி ஒரு பாட்டு செய்வோம்” என்று சொன்னவர் அதற்காகப் பங்கு கேட்க முடியாது. சொற்களைக் கோத்து வரியாக்கியவர் கேட்கலாம். ஒரு கூட்டுப் படைப்பைத் தனித்தனியாகப் பயன்படுத்தக்கூடிய பகுதிகளாகப் பிரிக்க முடிந்து, எதை யார் செய்தார் என்பதும் தெரிந்திருந்தால், அந்தந்தப் பகுதி அந்தந்தப் படைப்பாளிக்கே உரியது. படைத்தவர் பேர் குறிப்பிடப்பட வேண்டும் என்பதும் படைப்பைச் சிதைக்கக் கூடாது என்பதும் அவருடைய தார்மிக உரிமைகள். ஒற்றை வரிக்கு நீதிமன்றம் எவ்வளவு எடை தரும் என்ற வாதத்தில் இறங்க வேண்டாம். ஹிப்ஹொப்பில் இன்னொருவர் வரியைக் கவ்விக்கொண்டு போவது சட்டத்துக்கு முன்பே பெரிய இழிவாகக் கருதப்பட்டு வருகிறது.

இனி, எழுதும் முறை. ஒரு சி.ஆர். கொப்பி, அதாவது கெட்டி அட்டைக் குறிப்பேடு, போதும். ஒரு பாட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, மேலே பாட்டின் தலைப்பும் திகதியும் எழுதுங்கள். பக்கத்தை நடுவில் கோடிட்டு இரண்டாகப் பிரியுங்கள், ஏனெனில் ஒரு பாட்டில் இரண்டு வேறு சொத்துகள் இருக்கின்றன. இடப்பக்கம் படைப்பு, அதாவது வரியும் மெட்டும் பீட்டின் இசையமைப்பும். வலப்பக்கம் ஒலிப்பதிவு, அதாவது ஸ்டூடியோவில் பாடிப் பதிந்து முடித்த அந்தக் கோப்பு. எங்கள் மழைப் பாட்டை எடுத்துக்கொண்டால், படைப்புப் பக்கத்தில் பீட்டுக்கு 40, பல்லவி வரிக்கு 20, வெர்ஸ் எழுதிய இருவருக்கும் தலா 20, ஆக 100. ஒலிப்பதிவுப் பக்கத்தில் நண்பனின் குரல் இல்லாததால் அவனுக்குப் பங்கு இல்லை. பதிவுச் செலவைக் கொடுத்தவருக்கு முதலில் அந்தத் தொகை திரும்பிய பிறகு, மிஞ்சுவது மூவருக்கும் சமமாகப் பிரியும். இந்த எண்கள் எல்லாக் குழுவுக்கும் பொருந்த வேண்டியதில்லை. அனைத்தையும் சமமாகப் பிரிக்கும் குழுக்கள் நீண்ட நாள் நிலைப்பதையும் கண்டிருக்கிறேன். எந்த எண்ணாக இருந்தாலும் கூட்டினால் 100 வர வேண்டும். அனைவரும் முழுப்பேர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து இட வேண்டும். அந்தப் பக்கத்தின் படம் அன்றிரவே குழுவில் ஏற வேண்டும். பதினெட்டு வயது நிறையாத மாணவர் இருந்தால் பெற்றோரும் கையெழுத்திடட்டும். “நமக்குள்ள எதுக்குடா கணக்கு” என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். அவரைக் கடிந்துகொள்ளாமல், கணக்கு எழுத இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று விளக்குங்கள். பாட்டு ஓடத் தொடங்கிய பிறகு அதே கேள்வியைக் கேட்டால் சந்தேகமாகத் தெரியும்.

பீட் உங்களுடையதாக இல்லாமல் இணையத்தில் வாங்கியதாக இருந்தால், கவனம் இருமடங்கு வேண்டும். மலிவு விலைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் லீஸ் பீட்டுகள், அதாவது குத்தகைக்கு விடப்படுபவை. அதே பீட்டை விற்பவர் இன்னும் நூறு பேருக்குக் கொடுத்திருப்பார். எத்தனை ஆண்டுகள், எத்தனை முறை கேட்கப்படும்வரை பயன்படுத்தலாம் என்ற வரம்பும் அனுமதிப் பத்திரத்தில் இருக்கும். தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்து வரிசை வீடான லயத்து அறையில் குடியிருந்தும் காணி உறுதி இல்லாமல் இருப்பது எப்படிப்பட்ட நிலை என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. லீஸ் பீட்டும் அப்படித்தான், குடியிருக்கலாம், உரிமை கொண்டாட முடியாது. அத்தகைய பாட்டை, ஏறும் கோப்புகளை ஒப்பிட்டு உரிமை கோரும் யூடியூபின் கொன்டென்ட் ஐடி முறையில் உங்களுடையதாகப் பதிந்தால், அதே பீட்டில் பாடிய மற்றவர்கள் மீது உங்கள் பேரில் உரிமைக் கோரிக்கை பாயும். தனியுரிமை வாங்காத பீட்டுக்கு, பாட்டை இணையத் தளங்களில் ஏற்றித் தரும் விநியோக நிறுவனத்தின் படிவத்தில் கொன்டென்ட் ஐடி தெரிவைத் தேர்ந்தெடுக்காமல் விடுங்கள்.

பழைய பாட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துப் பீட் செய்வது ஹிப்ஹொப்பின் உயிர் என்பதில் ஐயமில்லை. ஆனால் 1991 இல் பாடகர் கில்பர்ட் ஓசலிவனின் பாட்டிலிருந்து அனுமதியின்றி எடுத்ததற்காக ராப் பாடகர் பிஸ் மார்க்கி மீது நடந்த வழக்குக்குப் பிறகு, அமெரிக்க நிறுவனங்கள் அனுமதி பெறாத துண்டுகளைத் தொடவே அஞ்சின. நம் ஊரில் இளையராஜா பாட்டின் துண்டைப் போட்டுவிட்டு யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைப்பவர்கள், கேட்பது மனிதர் இல்லை, கோப்புகளை ஒப்பிடும் கணினி என்பதை மறந்துவிடுகிறார்கள்.

தப்பு என்ற பறையின் ஒலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தோட்டத்துத் திருவிழாவில் ஒரு பெரியவர் வாசிப்பதைத் தொலைபேசியில் பதிந்து வந்து, அதை வெட்டிச் சுற்றவிட்டால் அருமையான பீட் கிடைக்கும், நானும் செய்திருக்கிறேன். அந்தப் பெரியவரும் நிகழ்த்துகலைஞர், அவருடைய வாசிப்பைப் பதிந்து வெளியிட அவருடைய அனுமதி வேண்டும். நேரில் சென்று, பீட்டைப் போட்டுக் காட்டி, சம்மதம் கேட்டு, கையில் பணம் கொடுத்து, அவர் பேரைப் பாட்டின் விவரத்தில் எழுதுங்கள். காதுக் கருவியை மாட்டிவிட்டபோது ஒரு பெரியவர் விரலால் தொடையில் தாளம் தட்டிக்கொண்டே, “இந்த எடத்துல ஒரு அடி கொறையுதே தம்பி” என்றார். அவர் சொன்னது சரிதான். நான் வெட்டிய இடம் தவறு. அனுமதி கேட்கப் போனதால்தான் அந்தப் பீட் சரியானது. தாலாட்டு, ஒப்பாரி, கொழுந்து எடுக்கையில் பாடிய பாட்டு ஆகியவற்றுக்கும் இதே மரியாதை வேண்டும். நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கு மேற்சொன்ன சட்டத்திலும் தனிப் பாதுகாப்பு உண்டு.

பேர் விடுபடுவதன் வலியை உலகறியக் காட்டிய சம்பவம் எங்கள் மண்ணோடு தொடர்புடையது. 2021 மார்ச்சில் வெளிவந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாட்டில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் நினைவை ராப் பாடகர் அறிவு கொண்டுவந்தார். அவ்வாண்டு ஓகஸ்டில் ஓர் இசை இதழின் இந்தியப் பதிப்பு அட்டையில் அவர் இடம்பெறாததைப் பலர் கண்டித்தனர். 2022 இல் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவரின்றிப் பாட்டு அரங்கேறியபோது, அதை ஆக்கியதில் தன் பங்கு என்ன என்பதை அவர் வெளிப்படையாக எழுதினார். அந்தப் பாட்டின் பாடகி தீயும் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும் தங்கள் தரப்பை விளக்கினர். 2024 மார்ச்சில், அந்தப் பாட்டிலிருந்து தமக்கு வருமானமே வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் கூறினார். இதில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டிலேயே ‘யார் எதைச் செய்தார்’, ‘பணம் எங்கே’ என்ற கேள்விகள் பொதுவெளிக்கு வந்தன என்றால், நாமும் அவற்றை முதல் இரவே கேட்டு எழுதிவிட வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

வெளியிடும்போது யாருடைய கணக்கில் பாட்டு ஏறுகிறது, கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது, பணம் வந்தால் எத்தனை நாளுக்குள் பிரியும் என்பதையும் அதே பக்கத்தின் அடியில் எழுதுங்கள். யூடியூப் விளம்பர வருமானத்தை அனுப்பும் கூகுள் அட்சென்ஸ் நூறு டொலர் சேர்ந்த பின்னரே பணம் அனுப்பும் என்பதால், புதிய குழுவுக்குப் பல மாதங்கள் ஒன்றும் வராது. அந்த மௌனத்தை யாரும் ஏமாற்றாக எண்ணிவிடாதபடி, வருமானப் பக்கத்தின் படத்தை மாதம் ஒருமுறை குழுவில் போடுவது நல்ல வழக்கம்.

ஒரு நிறுவனம் ஒப்பந்தத்துடன் வந்தால், வந்த நாளில் கையெழுத்திட வேண்டாம். ஒலிப்பதிவு யாருக்குச் சொந்தமாகிறது, எத்தனை ஆண்டுகளுக்கு, முன்பணம் எந்த வருமானத்தில் கழிக்கப்படுகிறது, கணக்கு அறிக்கை எப்போது கிடைக்கும் என்ற நான்கையும் தேடிப் படியுங்கள். பொருளாதார உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்திலும் இரு தரப்பின் கையெழுத்துடனும் இருந்தால்தான் சட்டப்படி செல்லும். ஆகவே கையெழுத்திடும்வரை வலிமை உங்கள் பக்கம். ஆங்கிலம் புரியாவிட்டால் கேட்க வெட்கப்பட வேண்டாம். வருமானம் குறைந்தவர்களுக்கு ஆலோசனை வழங்கும் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையங்கள் பல நீதிமன்ற வளாகங்களில் உள்ளன.

அத்தனைக்குப் பிறகும் மனக்கசப்பு வந்தால், பேஸ்புக் நேரலையில் ஏறாதீர்கள், எதிராளியைத் தாக்கிப் பாடும் டிஸ் பாட்டும் போடாதீர்கள். மேடையில் மோதுவதற்கு டிஸ் ஒரு கலை, பணக் கணக்குத் தீர்க்க அது உதவாது. கோபத்தில் நண்பனின் யூடியூப் அலைவரிசைக்குக் கொப்பிரைட் ஸ்ட்ரைக், அதாவது உரிமை மீறல் முறைப்பாடு, அனுப்புவது அதைவிடக் கேடு; தொண்ணூறு நாளுக்குள் மூன்று விழுந்தால் அலைவரிசையே மூடப்படலாம், பல ஆண்டு உழைப்பு அழியும். முதலில் நேரில் சந்தித்து, பழைய ஒலிப்பதிவைச் சேர்ந்து கேளுங்கள்.

நாங்கள் அதைத்தான் செய்தோம். நண்பன் தைப்பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தபோது அவன் வீட்டுக்குப் போய், அந்த மழை நாளின் பதிவைப் போட்டோம். அவன் குரல் வந்ததும் அவனுடைய அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்து நின்று கேட்டார். பிறகு கொப்பியைத் திறந்து, பாட்டின் தலைப்புக்குக் கீழே பல்லவி வரி என்று எழுதி, அதற்கு நேரே அவன் பேரையும் 20 என்ற எண்ணையும் இட்டோம். யூடியூப் விவரத்தை அவன் முன்னாலேயே திருத்தினோம். அம்மாவின் பேரையும் போட முடியுமா என்று அவன் கேட்டான். அந்தச் சொல் அவரிடமிருந்து வந்தது என்பதால், அதையும் சேர்த்தோம்.